நானோ துகள் இதயத்தைச் சரிசெய்ததாகச் செய்தி வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

மாரடைப்பில் பாழான இதயத் தசைக்கு நானோ துகளில் மருந்து ஏற்றி அனுப்பினார்கள், தழும்பு சுருங்கிவிட்டது என்று ஏதாவது ஆய்வு கண்ணில் பட்டால் முதலில் அதில் கல்லீரலைத் தேடுங்கள். ஆமாம், கல்லீரல்தான். ரத்தத்தில் ஏற்றிய துகள்களில் பெரும்பகுதியை அதுவும் மண்ணீரலும் பிடித்துவைத்துக்கொள்ளும், 5, 6 நானோமீட்டரைவிட (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) சிறியது என்றால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ளிவிடும், இதற்கெல்லாம் தப்பிய மிச்சம்தான் இதயத்துக்கு. இதயம் பளிச்சென்று ஒளிரும் படத்தைப் போட்டுவிட்டு மற்ற உறுப்புகளைக் காட்டவில்லை என்றால் தாராளமாகச் சந்தேகப்படலாம். "மூன்று மடங்கு அதிகம் சேர்ந்தது" என்பதும் அப்படித்தான், அரை சதவீதம் ஒன்றரை ஆனாலும் மூன்று மடங்குதானே.

அடுத்து, துகள் எப்படி உள்ளே நுழைந்தது? அடைப்பு வந்த பகுதியில் சில நாட்களுக்கு ரத்தக் குழாய்ச் சுவர் கசியும், அதன் வழியாக 100, 150 நானோமீட்டர் துகள் புகுந்துவிடும், நாள் போகப் போக அந்த வழி குறைந்துவிடும். கசிவை மட்டும் நம்பாமல் துகளுக்கு ஒரு பிடிப்பும் வைப்பார்கள். 2011இல் வந்த ஓர் எலி ஆய்வில், மாரடைப்புக்குப் பின் இதயத்தில் ஆஞ்சியோடென்சின் ஏற்பி (ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) கூடிவிடுகிறது என்பதால், அதைப் பிடிக்கும் மூலக்கூறை 142 நானோமீட்டர் லிப்போசோமின் (கொழுப்பாலான நுண்ணிய பையின்) மேல் ஒட்டினார்கள். இப்படி ஒட்டியதை ஒட்டாத துகளோடு ஒப்பிட்டார்களா, மருந்தே இல்லாத வெறும் துகளையும் கொடுத்துப் பார்த்தார்களா? இரண்டும் இருந்தால் மேலே படிக்கலாம்.

உள்ளே போனதை எந்த செல் விழுங்கியது என்பதையும் கவனியுங்கள். பல சமயம் அந்நியத் துகள்களை விழுங்கும் நோய் எதிர்ப்பு செல்லான மேக்ரோஃபேஜ்தான் விழுங்கும். அழற்சியைத் தணிக்கும் மருந்து என்றால் நல்லதாயிற்று, தசைச் செல்லைக் காப்பாற்ற வேண்டிய மருந்து என்றால் வீண்.

அப்புறம் நேரம். ஆய்வகத்தில் ரத்தக் குழாயைக் கட்டுவதும் அவர்களே, அவிழ்ப்பதும் அவர்களே, எனவே சரியான நிமிடத்தில் ஊசி போட்டுவிடலாம். நோயாளியோ வலி தொடங்கிச் சில மணி நேரம் கழித்து வந்து சேர்கிறார், கூடவே வயதும் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும். விலங்குகளில் தழும்பைக் குறைத்த சைக்ளோஸ்போரின் என்ற மருந்து, ஊசியாக, கிட்டத்தட்ட 1,000 மாரடைப்பு நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. பயன் தெரியவில்லை என்று 2015இல் முடிவு வந்தது. அதனால் பன்றியிலாவது செய்து பார்த்தார்களா, பல வாரம் கழித்து எக்கோ எடுத்து இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறனை அளந்தார்களா என்று தேடுங்கள். மறுநாள் எடுத்த திசுப் படத்தோடு நின்றுவிட்டால், மருந்து போய்ச் சேர்ந்தது வரைக்கும்தான் தெரியும்.