மாரி வெள்ளத்துக்கு வயலை ஆவணியிலேயே ஆயத்தப்படுத்துவது எப்படி

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம், நவகிரிக் குளத்துத் தண்ணீரை நம்பி வேளாண்மை செய்கிறேன். கார்த்திகையில் வெள்ளம் வந்த பிறகு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எங்கள் வட்டையில், அதாவது வயல் தொகுதியில், வழக்கமாகிவிட்டது. அந்த வேலையைச் சிறுபோக அறுவடை முடிந்த கையோடு தொடங்க வேண்டும். முதல் வேலை, வைக்கோலுக்குத் தீ வைக்காமல் இருப்பது.

அறுவடை இயந்திரம் வைக்கோலை வரிசை வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. உழும்போது கலப்பையில் சுற்றும் என்று பலர் அதைக் கொளுத்திவிடுகிறார்கள். ஆவணி, புரட்டாதியில் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும் நேரம் அந்தத் தீ வைக்கோலோடு நிற்பதில்லை. வரம்பில் ஏறி அறுகம்புல்லைக் கருக்குகிறது. வரம்பு மண்ணை இறுக்கிப் பிடித்திருப்பது அந்தப் புல்லின் வேர்தான். மொட்டையாகிவிட்ட வரம்பில் ஐப்பசி மழை அடித்தால் மண் கரைந்து இறங்கும். வெள்ளம் வரும் நாளில் அந்த வரம்பு தண்ணீரைத் தாங்காது. உடைப்பு வழியாக உங்கள் விதையும் பசளையும் அடுத்தவர் வயலுக்குப் போகும். பிறகு வழக்கு, வயல் தொகுதியின் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டை விதானையிடம் போகும்.

மண்ணுக்கு ஆகும் நட்டம் இதைவிடப் பெரிது. ஒரு தொன் நெல் விளைந்தால் ஏறக்குறைய ஒரு தொன் வைக்கோலும் கிடைக்கிறது. அதற்குள் 5 முதல் 8 கிலோ வரை நைதரசனும், 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியமும் இருக்கின்றன. எரித்தால் நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். பொட்டாசியத்தில் பெரும்பகுதி சாம்பலில் மிஞ்சும். ஆனால் குவியல் எரிந்த இடத்திலேயே கிடந்து, பெருமழையில் கழுவுண்டு வாய்க்காலில் சேரும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது ஒரு மூடை யூரியாவுக்கு அலைந்தவர்கள் நாம். அதற்குப் பிறகும் வயல்வெளியில் புகை எழுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

வைக்கோலை என்ன செய்வது என்பது நீங்கள் விதைக்கும் முறையைப் பொறுத்தது. சேற்று விதைப்பு என்றால், கவைக்கம்பால் வயல் முழுவதும் சீராகப் பரப்பிவிட்டு, தண்ணீர் கட்டி முதல் உழவிலேயே புரட்டுங்கள். அதன் பிறகு விதைப்புக்குக் குறைந்தது இரண்டு, மூன்று வாரம் இருக்க வேண்டும். அவசரப்பட்டு விதைத்தால் அழுகும் வைக்கோல் மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துக்கொள்ளும், நாற்று மஞ்சளிக்கும். சேற்றில் கால் வைக்கும்போது குமிழி கிளம்பி முட்டை நாற்றம் அடித்தால் இன்னும் பொறுக்க வேண்டும் என்று அர்த்தம்.

மழைக்கு முன் காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்புக்காரருக்கு இந்த வழி ஒத்துவராது, காய்ந்த வைக்கோல் காய்ந்த மண்ணில் உக்காது. பட்டிக்காரர் ஒருவரோடு பேசி மாடுகளை வயலில் அடைக்கச் சொல்லுங்கள். மாட்டுக்குத் தீனி, மண்ணுக்குச் சாணம். மிஞ்சுவதை மேட்டு மூலையில் சாணத்தோடு அடுக்கி, நனைத்து மூடி வைத்தால் அடுத்த போகத்துக்கு எருவாகும். பலவீனமான வரம்புகளின் மேலும் கொஞ்சம் பரப்புங்கள், மழைத்துளி நேராக மண்ணில் அடிக்காது.

பற்றைக் காட்டை எரித்தே ஆக வேண்டிய இடம் இருந்தால், கச்சான் கிளம்புமுன் விடியற்காலையில், சுற்றிவரப் புல்லைச் செதுக்கிவிட்டு, பக்கத்து வயல்காரருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சாம்பல் ஆறும்வரை அங்கேயே நில்லுங்கள்.

புரட்டாதியில் வரம்பைச் சுற்றி நடந்து எலி வளை, நண்டு வளை எல்லாவற்றையும் வெட்டித் திறந்து, ஈரமண்ணால் மிதித்து அடையுங்கள். மேல்வாயை மட்டும் மூடினால் உள்ளே பொந்து அப்படியே இருக்கும், வெள்ளம் அதைக் கண்டுபிடித்துவிடும். தண்ணீர் வெளியேற வரம்பில் வெட்டும் வாயான வக்கடை வயலின் தாழ்ந்த மூலையில், வரம்பின் தலையைவிடத் தெளிவாகத் தாழ்வாக இருக்க வேண்டும். அதன் அடியிலும் இரு பக்கமும் புல்கட்டியோ மண்மூடையோ வையுங்கள். மிஞ்சும் தண்ணீர் அந்த ஒரு வழியால் இறங்கினால் வரம்பு பிழைக்கும். நவகிரி, உன்னிச்சைக் குளங்களின் வான்கதவுகள் திறக்கப்படுகின்றன என்ற அறிவித்தல் வந்தவுடன் வக்கடையைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் வந்த பிறகு அதில் இறங்கி வெட்டுவது ஆபத்து.

வாவியோரத்து வயல்களுக்கு இது மட்டும் போதாது. முகத்துவாரத்தில் மணல்திட்டு அடைத்திருந்தால் ஆற்று வெள்ளம் கடலுக்குப் போக வழியின்றி வயலில் தேங்கும். அதை வெட்டும் முடிவு மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது, வெட்டும் நாள் வாவி மீனவர்களின் தொழிலையும் பாதிக்கிறது. ஆகவே கமக்காரர் அமைப்பு மழைக்கு முன்பே மீனவர் சங்கத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

வெள்ளம் வீதியைக் கடக்கும்போது வயலைப் பார்க்கப் போகாதீர்கள். உழவு இயந்திரம் பாரமானது, தண்ணீர் இழுக்காது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. அந்தப் பிள்ளைகளை நினைத்தாவது வீட்டில் இருங்கள்.

தண்ணீர் வடிந்ததும், வயலைத் தொடுமுன் படம் எடுத்து, கமநல சேவை நிலையத்துக்கும் காப்புறுதிக்கும் அறிவியுங்கள். உழுது புரட்டிவிட்டால் அழிவைக் காட்ட எதுவும் இராது. பயிர் செத்துவிட்டதா என்று அன்றே தீர்மானிக்க வேண்டாம். இரண்டு, மூன்று நாள் கழித்து நாலைந்து இடத்தில் பயிரைப் பிடுங்கித் தண்டைக் கீறிப் பாருங்கள். நடுக்குருத்து வெள்ளையாக, உறுதியாக இருந்தால் பிழைக்கும். கொழகொழவென்று நாறினால் போனதுதான். கலங்கல் நீர் ஒரு வாரத்துக்கு மேல் முழுதாக மூடி நின்ற பயிர் பிழைப்பது அரிது. தெளிந்த நீர் என்றால் வெளிச்சம் உள்ளே போவதால் இன்னும் சில நாள் தாங்கும்.

பிழைத்த பயிருக்கு உடனே யூரியா எறியாதீர்கள். புது இலை வெளிவரட்டும். காயம்பட்ட இலைகளில் பக்டீரியா வெளிறல் நோய் சுலபமாக ஏறும், மிகையான யூரியா அதற்குத் தீனி போடும். புது இலை கண்ட பிறகு கொஞ்சம் யூரியாவோடு எம்.ஓ.பி. என்ற பொட்டாசியப் பசளையும் சேர்த்துப் போடுங்கள்.

முழுதாகப் போன வயலில் மறுபடி மூன்றரை மாத நெல்லை விதைத்தால் கதிர் முற்றுமுன் தண்ணீர் முடிந்துவிடும். பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த பி.ஜி. 250 என்ற நெல்லினம் ஏறத்தாழ 80 நாளில் விளையும். வெள்ளத்துக்குப் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் விதை தேடுவார்கள் என்பதால், அதில் இரண்டு மூடையைப் புரட்டாதியிலேயே வாங்கி, வீட்டில் தண்ணீர் ஏறாத உயரத்தில் ஈரம் படாமல் வைத்துவிடுங்கள்.