ஐரிஷ் செட்டர் என்று யாராவது குட்டி காட்டினால் என்னென்ன பார்க்க வேண்டும்

போன மாதம் மச்சான் மாங்குளத்திலிருந்து போன் எடுத்து, "ஐரிஷ் செட்டர் குட்டி ஒன்று விலைக்கு வந்திருக்கு, நல்ல சிவப்பு, எடுக்கவா?" என்றான். ஐரிஷ் செட்டர் என்பது அயர்லாந்தின் சிவப்பு வேட்டை நாய் இனம். முதலில் குளிப்பாட்டிப் பார் என்றேன். பகிடிக்குச் சொல்லவில்லை, எங்கட செம்மண்ணில் இரண்டு நாள் புரண்டால் வெள்ளை நாயும் அந்த நிறத்தில்தான் எழும்பும்.

குளிப்பாட்டிக் காயவிட்ட பிறகு முதுகிலும் காதுக்குப் பின்னாலும் மயிரை விரலால் பிரித்து அடிவரை பாருங்கள். பொலிஷ் அடித்த மஹோகனிக் கதவின் கபிலச் சிவப்பு இருக்க வேண்டும், கறுப்பு மயிர் கலந்திருக்கக் கூடாது. நெஞ்சிலோ தொண்டையிலோ கால்விரலிலோ கொஞ்சம் வெள்ளை இருந்தால் பரவாயில்லை, நெற்றியில் மெல்லிய வெள்ளைக் கீறுகூட வரலாம்.

அந்தக் கீறோடு சேர்த்துப் பேசப்படும் நாய் பாமர்ஸ்டன், 1862இல் பிறந்தது. தலை ஒடுங்கி நீண்டு போயிருக்கு, வேட்டைக்கு உதவாது என்று சொந்தக்காரர் தண்ணீரில் அமிழ்த்திக் கொல்லச் சொல்லிவிட்டாராம். இன்னொருவர் கேட்டு வாங்கிக் கண்காட்சிக்குக் கொண்டுபோக, அது பெயரெடுத்து ஏகப்பட்ட குட்டிகளுக்குத் தகப்பனாகிவிட்டது. இன்றைக்கு நாங்கள் செட்டர் என்று அடையாளம் பிடிக்கிற நீண்ட தலை அந்த வழியில் பரவியதுதான்.

அதற்கு முன்பு, 18ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில், சிவப்பும் வெள்ளையும் கலந்த நாய்கள்தான் அதிகம். முழுச் சிவப்பு மோகம் 19ஆம் நூற்றாண்டில் வந்தது, டப்ளினில் இதற்கென்றே சங்கம் தொடங்கியது 1882இல். கலப்பு நிறத்து நாய் இப்போது தனி இனம், இரண்டையும் குழப்ப வேண்டாம். எங்கட வேட்டை நாய் உடும்பைக் கண்டால் குரைத்துத் துரத்தும், செட்டரோ கௌதாரி மாதிரிப் பறவையின் மணம் பட்ட இடத்திலேயே சத்தமில்லாமல் பதுங்கி நின்றுவிடும். துவக்கு வருமுன் அப்படிப் பதுங்கிய இடத்தில் வலை வீசித்தான் பிடித்தார்கள், செட்டர் என்ற பெயரும் அந்தப் பதுங்கலால் வந்தது.

அப்புறம் தாய் நாயைக் கேட்டுப் பாருங்கள். குட்டியில் ஒன்றும் சரியாகத் தெரியாது, ஏனென்றால் காது, வயிறு, வால், கால்களின் பின்பக்கம் எல்லாம் தொங்குகிற அந்தப் பட்டு மயிர் வளர வளரத்தான் வரும். தாயைச் சுவரோரம் நிறுத்தித் தோள்வரை அளவுநாடா பிடித்தால் 55 முதல் 62 சென்டிமீற்றர் வர வேண்டும், கடுவன் 58 முதல் 67. உயரம் உங்கள் முழங்காலோடு நின்றுவிட்டால் அது சிவப்புக் கொக்கர் ஸ்பானியல் என்ற சின்ன இனமாக இருக்கலாம். கண் பாதாம் பருப்பு வடிவில் கபிலமாக, காது தாழ்வாக இறங்கிக் கன்னத்தோடு ஒட்டிக் கிடக்கும்.

எல்லாம் பொருந்தினாலும் வளவைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். அந்த நீண்ட மயிரில் நாயுருவி ஒட்டினால் சீப்பு வேலை செய்யாது, ஒவ்வொன்றாகக் கையால் எடுக்க வேண்டும், உண்ணி வேறு. ஓடாமல் இருக்காத நாய், அதனால் வெயில் ஏறுமுன் விடியவே ஓடவிட வேண்டும். குளக்கட்டில் மட்டும் அவிழ்க்காதீர்கள், முதலை இருக்கிற குளங்கள் எங்களுக்குத் தெரிந்ததுதானே.

மச்சான் குளிப்பாட்டினான். வாளித் தண்ணீர் செங்காவியானது, குட்டி வெளிர் மஞ்சளாக நடுங்கிக்கொண்டு நின்றது. ஆனாலும் எடுத்துக்கொண்டான், செட்டருக்கான விலை கொடுத்து இல்லை.