கிறிஸ்துமஸ் மரத்துக்கு ஒரு ராஜபாளையம்: ஃபெல்ட் துணியில் நாய் பொம்மை தைக்கும் முறை

இணையத்தில் ஃபெல்ட் நாய் பொம்மைக்கு மாதிரி தேடிப் பாருங்கள். லாப்ரடார் கிடைக்கும், டாஷ்ஹண்ட் கிடைக்கும், பக் கிடைக்கும். எல்லாவற்றுக்கும் தலையில் சாண்டா குல்லாய் வேறு. நான் தேடிய ராஜபாளையம் மட்டும் கண்ணில் படவே இல்லை. இத்தனைக்கும் 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அந்த நால்வரில் ஒருவர் இவர். கடைசியில் நானே வரைந்து, வெட்டி, தைத்து மரத்தில் தொங்கவிட்டேன்.

மரம் என்றால் எங்கள் வீட்டில் சவுக்குக் கிளைதான். மெலிந்த அதன் நுனிகள் கண்ணாடி உருண்டையின் கனத்தைத் தாங்காமல் வளைந்து தரையைப் பார்க்கும். பஞ்சு அடைத்த ஃபெல்ட் பொம்மை என்றால் அசையாமல் நிற்கும். ஊசியில் நூல் கோக்கவும் முடிச்சுப் போடவும் தெரிந்தால் போதும், ஒரு மாலைப்பொழுதில் ஒரு நாய் தைத்துவிடலாம். முதல் நாய்க்கு மட்டும் இன்னொரு மாலையும் ஒதுக்கி வையுங்கள்.

கடையில் கேட்க வேண்டியவை

ஸ்டேஷனரி கடைகளில் ஏ4 அளவில் விற்கும் ஃபெல்ட் இரண்டு விதம். ஒன்று விறைப்பாக நிற்கும். அது பள்ளிக்கூடச் சார்ட்டில் ஒட்டுவதற்கு, ஊசி இறங்குவதற்குள் விரல் போய்விடும். மற்றது துணியாக மடியும். அதைத்தான் எடுக்க வேண்டும். 1 முதல் 2 மில்லிமீட்டர் தடிமன் சரி. வாங்கும் முன் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சில இடம் அடர்த்தியாகவும் சில இடம் சல்லடையாகவும் தெரிந்தால் வைத்துவிடுங்கள். பஞ்சு திணித்ததும் அந்தச் சல்லடை வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். கம்பளி ஃபெல்ட் அருமையானதுதான். ஆனால் விலை கூடுதல், பூச்சியும் அரிக்கும். மரத்தில் தொங்கும் பொம்மைக்கு அக்ரிலிக்கே போதும்.

ஃபெல்ட் நெய்த துணி அல்ல, இழைகளை அழுத்திப் பிணைத்தது. அதனால் வெட்டிய ஓரம் பிரியாது, மடித்துத் தைக்கும் வேலை இல்லை, நேரிழை குறுக்கிழை பார்க்கும் வேலையும் இல்லை. புதிதாகத் தைப்பவர்களுக்கு இதைவிடப் பொறுமையான துணி கிடையாது.

நூல், மேட்சிங் சென்டரில் கிடைக்கும் எம்பிராய்டரி நூல். ஆறு இழை இருக்கும். இரண்டிரண்டாகப் பிரித்துப் பயன்படுத்த வேண்டும். ஆறையும் சேர்த்துத் தைத்தால் நாய்க்குச் சாக்கு மூட்டையின் வாய் வந்துவிடும். ஊசி 7 அல்லது 8ஆம் எண் எம்பிராய்டரி ஊசி. அடைப்பதற்குத் தலையணையில் போடும் பாலியெஸ்டர் பஞ்சு. இலவம்பஞ்சு என் பரம்பரைப் பஞ்சுதான், ஆனாலும் இதற்கு வேண்டாம். அரை மணி நேரத்தில் வீடெல்லாம் பறக்கும், தும்மல் நிற்காது.

கத்தரிக்கோலில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நுனி கூரான சிறிய எம்பிராய்டரி கத்தரி ஒன்று வாங்கி, அதைக் காகிதம் பக்கமே விடாதீர்கள். குழந்தைகளின் கைவினைக் கத்தரி ஃபெல்ட்டை வெட்டாது, மெல்லும்.

பசைத் துப்பாக்கியை நான் கையில் எடுப்பதில்லை. பசை இறுகிய இடத்தில் ஊசி நுழையாது. வெள்ளைப் பசை இன்னும் மோசம். மெல்லிய ஃபெல்ட்டில் ஊறி, மறுபக்கம் கறையாகத் தெரியும்.

வரைவதும் வெட்டுவதும்

ஃபெல்ட் நாயை இன்ன சாதி என்று காட்டுவது முகத்தில் போடும் எம்பிராய்டரி இல்லை, வெளிக்கோடு. எட்டடி தள்ளி நின்று பார்க்கிறவருக்குக் கண்ணும் மூக்கும் தெரியாது. காதும் வாலும் நெஞ்சின் வளைவும் தெரியும். ராஜபாளையம் என்றால் இறங்கிய நெஞ்சு, உள்ளே ஏறிய வயிறு, மடிந்து தொங்கும் காது, நுனியில் லேசாக வளைந்த வால். இவை நான்கும் சரியாக இருந்தால் மீதியை வெள்ளை நிறம் பார்த்துக்கொள்ளும்.

நிற்கிற நாயை முதலில் வரையாதீர்கள். வேட்டை நாயின் மெல்லிய கால்களில் இரு ஓரமும் தைத்த பிறகு பஞ்சுக்கு இடமே இருக்காது. உட்கார்ந்திருக்கும் நாயைப் பக்கவாட்டில் வரையுங்கள். உயரம் 9 சென்டிமீட்டர், அகலம் 7. எந்த இடமும் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் குறுகக் கூடாது. வயிறு ஏறியிருப்பது முன்காலுக்கும் தொடைக்கும் நடுவே ஒரு சிறிய வளைவாகத் தெரிந்தால் போதும். உடல் இரண்டு துண்டு, காது இரண்டு (ஒவ்வொன்றும் இரண்டரை சென்டிமீட்டர் நீளச் சொட்டு வடிவம்), வால் இரண்டு (ஐந்து சென்டிமீட்டர் நீளம்), கழுத்துப் பட்டைக்குச் சிவப்பில் அரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு நாடா.

ஃபெல்ட்டின் மேல் பென்சில் கோடு சரியாக விழாது. பேனா விழும், பிறகு போகாது. காகித மாதிரியை ஃபெல்ட் மேல் வைத்து, முழுவதையும் செல்லோ டேப்பால் ஒட்டி, டேப், காகிதம், ஃபெல்ட் மூன்றையும் சேர்த்து வெட்டுங்கள். காகிதம் நகராது, ஓரம் பிசிறாது. வளைவு வரும்போது கத்தரியைத் திருப்பாமல் துணியைத் திருப்ப வேண்டும்.

முகம்

இரண்டு துண்டையும் இணைக்கும் முன்பே முகத்தை முடித்துவிட வேண்டும். பொம்மை மரத்தில் சுழன்றுகொண்டே இருக்கும் என்பதால் இரு பக்கமும் கண் வேண்டும். ஃபெல்ட்டுக்கு இரு முகமும் ஒன்றுபோல் இருப்பது இங்கேதான் வினையாகிறது. இரண்டு துண்டையும் ஒரே திசையில் வைத்துக்கொண்டு கண் தைத்தால், சேர்க்கும்போது ஒரு கண் வயிற்றுக்குள் போய்விடும். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் குண்டூசி குத்துங்கள். கண் வர வேண்டிய இடத்தில் ஓர் ஊசியை மேலிருந்து கீழாக இரண்டையும் துளைத்து இறக்குங்கள். மேல் துண்டின் மேல்பக்கம் ஒரு புள்ளி, கீழ்த் துண்டின் அடிப்பக்கம் ஒரு புள்ளி. அந்த இரண்டு பக்கமும்தான் வெளியே தெரியப்போகின்றன. பிரிப்பதற்கு முன் ஒவ்வொன்றின் வெளிப்பக்கத்திலும் சிறிய டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிடுங்கள்.

கண்ணுக்கு அடர்பழுப்பில் ஒரு பிரெஞ்சு முடிச்சு, அதாவது நூலை ஊசியில் இரண்டு முறை சுற்றி, ஏறிய இடத்துக்குப் பக்கத்திலேயே இறக்கும் குட்டி முடிச்சு. மூக்குக்கு வெளிர் ரோஜா நிறத்தில் நாலைந்து நெருக்கமான தையல். ராஜபாளையத்துக்கு மூக்கு கறுப்பு இல்லை, ரோஜா நிறம். கறுப்பு வைத்தால் அது வேறு ஏதோ ஒரு வெள்ளை நாய். வாய்க்கு ஒரே ஒரு கோடு. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

வெள்ளை ஃபெல்ட்டில் ஒரு தொல்லை உண்டு. கண்ணிலிருந்து வாய்க்கு நூலைப் பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனால், முன்பக்கம் தாடையின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் ஓடும். தைக்கும்போது தெரியாது, பின்னால் பஞ்சு வந்து அழுத்தியதும் தெரியும். ஒவ்வொரு புள்ளியிலும் முடிச்சுப் போட்டு நூலை வெட்டிவிட்டு, அடுத்ததைப் புதிதாகத் தொடங்குங்கள். முடிச்சுக்குப் பின் மிஞ்சும் நூல் நுனியையும் ஒட்ட வெட்டுங்கள்.

காதின் மேல் ஓரத்தை மட்டும் நாலு தையலில் பிடித்து, கீழே தொங்கவிடுங்கள். வாலின் இரண்டு துண்டையும் சேர்த்து ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கிப் போகும் நேர்த் தையல்) போட்டுத் தனியே வையுங்கள். அதற்குப் பஞ்சு வேண்டாம்.

சுற்றுத் தையல்

பிளாங்கெட் தையல்தான் இதற்கு அழகு. சட்டைக்குக் காஜா எடுக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். அதே கை, இடைவெளி மட்டும் கூடுதல். மற்றவர்களுக்கு: முழங்கை நீள நூலில் முடிச்சுப் போட்டு, இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஊசியை விட்டு, முன் துண்டின் வழியாக, ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே வெளியே எடுங்கள். முடிச்சு உள்ளே ஒளிந்துகொள்ளும். இப்போது ஊசியைப் பின்னால் கொண்டுபோய், பின் துண்டிலிருந்து அதே துளை வழியே முன்னால் வாங்குங்கள். ஓரத்தைச் சுற்றி ஒரு வளையம் விழும். அந்த வளையத்துக்கு அடியில், ஓரத்தின் மேலேயே, நீங்கள் போகப்போகும் திசையில் ஊசியை நுழைத்து இழுங்கள். முதல் தையல் நிமிர்ந்து நிற்கும். இதைச் செய்யாமல் தொடங்கினால் அது சாய்ந்தே கிடக்கும்.

அடுத்தது எளிது. 3 மில்லிமீட்டர் தள்ளி முன்னிருந்து பின்னாகக் குத்தி, நூல் முழுதும் போவதற்குள் நிறுத்தி, மிச்சமிருக்கும் வளையத்துக்குள் பின்பக்கமிருந்து ஊசியை விட்டு இழுக்க வேண்டும். உங்களை நோக்கி இழுக்காதீர்கள். ஓரத்திலிருந்து நேர் வெளியே இழுங்கள். நூல் ஓரத்தில் படிந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் ஓர் இழுப்பு இழுத்தாலும் ஃபெல்ட் அலையலையாகச் சுருங்கும்.

பாதத்தின் முனையும் மூக்கின் முனையும் வரும்போது ஒரே துளையிலிருந்து மூன்று தையல் விசிறியாகப் போடுங்கள். தாடையும் கழுத்தும் சேரும் உள்மூலையில் சரியாக மூலையிலேயே ஒரு தையல் விழ வேண்டும். அது தப்பினால் பஞ்சு அங்கேதான் பிதுங்கும்.

எங்கே தொடங்குவது என்பது முக்கியம். வாலின் அடியில் தொடங்குங்கள். வாலை இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் செருகி, அதையும் சேர்த்துத் தைத்து, அடிப்பாகம், பாதம், நெஞ்சு, தாடை, உச்சந்தலை என்று சுற்றி வந்து பிடரியில் நிறுத்துங்கள். முதுகுதான் கடைசியாக மூடும் வாய். அங்கே ஓரம் நேராக இருப்பதால் கை நடுங்கினாலும் தெரியாது.

மூக்கையும் பாதத்தையும் தையல் தாண்டியவுடனே அங்கங்கே பஞ்சு அடைத்துவிடுங்கள். முதுகு வழியாக மூக்குக்கு எட்டாது. பட்டாணி அளவு பஞ்சாகப் பிய்த்துப் பிய்த்து, மூங்கில் குச்சியின் மொட்டை முனையால் தள்ள வேண்டும். பெரிய உருண்டையாகத் திணித்தால் தொண்டையில் சிக்கி நிற்கும், மூக்கு காலியாகவே இருக்கும்.

தொங்கவிடும் நூல்

பெரும்பாலான செய்முறைகள் தொங்கும் நூலை உச்சந்தலையில் செருகித் தைத்துவிடச் சொல்கின்றன. தலை மட்டும் உள்ள பொம்மைக்கு அது சரி. உட்கார்ந்த நாய்க்கு அப்படிச் செய்தால் கனமான பின்பாகம் நூலுக்கு நேர் கீழே வர முயலும், நாய் அண்ணாந்து நட்சத்திரம் பார்க்கும். முதுகில் வைத்தாலோ தலைகுப்புறக் கவிழும்.

அதனால் நூலை எல்லாம் முடிந்த பிறகு வையுங்கள். பஞ்சு எங்கே எவ்வளவு போயிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு நாய்க்கும் எடையின் மையம் மாறும். ஒரு குண்டூசியைப் பிடரியின் ஓரத்தில் குத்தி, அதன் தலையை இரு விரலால் தளர்வாகப் பிடித்து நாயைத் தொங்கவிடுங்கள். மூக்கு கீழே போனால் ஊசியைத் தலைப்பக்கம் நகர்த்துங்கள். மூக்கு மேலே போனால் வால்பக்கம். பாதம் தரைமட்டமாக நிற்கும் இடம் அநேகமாகக் காதுக்குச் சற்றுப் பின்னால் கிடைக்கும். அங்கே, ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் கீழே, 15 சென்டிமீட்டர் நூலை இரு துண்டும் ஊடுருவக் கோத்து முடிச்சிடுங்கள். சுற்றுத் தையலில் மட்டும் கோத்தால் ஒரே டிசம்பரில் தையல் நெகிழ்ந்துவிடும். கடைசியாகக் கழுத்துப் பட்டையைச் சுற்றிப் பிடரியில் இரண்டு தையல்.

பின்னர் சேர்த்தது

கருத்துகளில் வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

ஃபெல்ட் கசங்கியிருக்கிறது, இஸ்திரி போடலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவர் கேட்பதற்குள் இன்னொருவர் போட்டே விட்டார். அக்ரிலிக்கும் பாலியெஸ்டரும் சூட்டில் சுருங்கும், இளகும். கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள், போதும்.

கறுப்பும் பழுப்புமாகக் ‘கன்னி’ இன நாய் தைக்கத் தொடங்கியவர்கள் கண் வலிக்கிறது என்கிறார்கள். கறுப்பு ஃபெல்ட்டில் கறுப்பு நூலை டியூப் லைட் வெளிச்சத்தில் தைப்பது தண்டனைதான். பகலில் தையுங்கள், அல்லது சுற்றுத் தையலுக்குப் பழுப்பு நூல் எடுங்கள். கால்களில் உள்ள பழுப்போடு அது பொருந்தியும் போகும்.

மெஷினில் தைக்கலாமா? தைக்கலாம். ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே, பெரிய தையலாக. மூக்கில் மட்டும் கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள்.

கண்ணுக்குக் கறுப்பு மணி வைத்தால் பளபளப்பாக இருக்குமே என்று பலர் கேட்கிறார்கள். வீட்டில் கைக்குழந்தையோ நிஜ நாயோ இருந்தால் வேண்டாம். மணி பிய்ந்து வாய்க்குள் போகும். நிஜ நாய் இருக்கும் வீட்டில் பொம்மையைக் கீழ்க் கிளையில் தொங்கவிடவும் வேண்டாம். பஞ்சு மணமும் ஆடும் வாலும் சேர்ந்தால் எந்த நாயும் சும்மா இருக்காது.

கோம்பை இன நாய்க்கு மாதிரி கேட்டவர்கள் இதே வரைபடத்தில் மூன்று மாற்றம் செய்தால் போதும்: கழுத்தையும் முகத்தையும் அரை சென்டிமீட்டர் அகலமாக்குங்கள், செம்பழுப்பு ஃபெல்ட் எடுங்கள், வாய்ப்பகுதிக்குக் கறுப்பில் ஒரு துண்டு வெட்டி, கண் தைப்பதற்கு முன்பே மேலே வைத்துத் தைத்துவிடுங்கள். சிப்பிப்பாறை இன நாய்க்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒல்லியாக்க வேண்டும். அதில் ஒன்றரை சென்டிமீட்டர் விதி உடைகிறது. கழுத்துக்குள் பஞ்சுக்குப் பதில் மடித்த ஃபெல்ட் துண்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரியாக வந்ததும் வரைபடத்தோடு போடுகிறேன்.