ஆங்கில வணிகக் கடிதம்: தாளில் எது எங்கே வர வேண்டும்

பள்ளியில் எழுதிப் பழகிய விண்ணப்பத்தின் அச்சிலேயே கம்பெனிக் கடிதத்தையும் எழுதுகிறவர்கள் சேலத்தில் நிறையப் பேர். மேலே ‘ஃப்ரம்’, ‘டூ’, கடைசியில் ‘தேங்கிங் யூ’, அடியில் இடமும் தேதியும். வியாபாரத்துக்கு இது சரிவராது. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கொலுசு ஆர்டர் பற்றி எழுதினாலும், ஏற்காட்டிலிருந்து காபிக்கொட்டைக்கு விலை சொல்லி எழுதினாலும், உறையைப் பிரிப்பவர் முதலில் தேடுவது மூன்றுதான்: யார் அனுப்பியது, என்றைக்கு, எது பற்றி. மூன்றும் தாளின் மேல்பாதியிலேயே தெரிய வேண்டும்.

தாள் ஏ4. நாலு பக்கமும் ஓர் அங்குலம் ஓரம் விடுங்கள். எழுத்து டைம்ஸ் நியூ ரோமன் 12 அல்லது கேலிப்ரி 11. எல்லா வரியும் இடது ஓரத்திலிருந்தே தொடங்கட்டும். பத்தியின் முதல் வரியை உள்ளே தள்ள வேண்டாம், பத்திக்குப் பத்தி ஒரு வெற்று வரி போதும். வேர்டில் முகவரி அடிக்கும்போது வரிகள் தனித்தனியாக விலகி நிற்கும். ஒவ்வொரு என்டருக்கும் அது பத்தி இடைவெளி விடுவதே காரணம். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு என்டர் தட்டினால் நெருங்கிவிடும்.

முதலில் லெட்டர்ஹெட். பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால் பெயர், பதிவு அலுவலக முகவரி, எழுத்தும் எண்ணும் கலந்த 21 இடங்கள் கொண்ட சி.ஐ.என். (கம்பெனி அடையாள எண்), தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் அதில் இருந்தாக வேண்டும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 12ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. லெட்டர்ஹெட் இல்லாதவர்கள் தங்கள் முகவரியைப் பின்கோடோடு அடித்தால் போதும். பெயர் கையெழுத்துக்குக் கீழே வந்துவிடும்.

அடுத்து ரெஃபரென்ஸ் நம்பர், அதன் கீழே தேதி. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்: 5 ஜூன் 2026. 05/06/2026 என்று போட்டால் அமெரிக்காவில் இருப்பவர் மே 6 என்று படிப்பார். பணம் கட்டக் கெடு சொல்லும் கடிதத்தில் இது ஒரு மாதத்தையே மாற்றிவிடும்.

பிறகு பெறுபவர்: பெயர், பதவி, கம்பெனி, தெரு, ஊர், பின்கோடு. வெளிநாடானால் நாட்டின் பெயர் கடைசி வரியில் பெரிய எழுத்துகளில்.

சப்ஜெக்ட் வரியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘ரிகார்டிங் பேமென்ட்’ என்றால் எந்தப் பேமென்ட்? ‘ஓவர்டியூ பேமென்ட்: இன்வாய்ஸ் நம்பர் 118, 4 மே 2026’ என்று எழுதினால் எதிர்முனையில் கணக்கு பார்ப்பவர் கடிதத்தைப் படிக்கும் முன்பே ஃபைலை எடுத்துவிடுவார். நம் நாட்டில் இந்த வரி விளிக்கு, அதாவது ‘டியர் சார்’ என்று அழைக்கும் வரிக்கு, மேலே வரும். பிரிட்டிஷ் முறையில் விளிக்குக் கீழே.

விளியும் முடிவும் ஜோடி. ‘டியர் சார் ஆர் மேடம்’ என்று தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’. பெயர் சொல்லி ‘டியர் மிஸ்டர் செல்வம்’ என்றால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் முழுப் பெயரை மட்டும் எழுதலாம், ஊகிக்க வேண்டாம். ‘யுவர்ஸ்’ நடுவே அபாஸ்ட்ரஃபி (’) கிடையாது; அடுத்த சொல் சின்ன எழுத்தில் தொடங்கும். ‘ரெஸ்பெக்டட் சார்’ வெளியூர் வியாபாரக் கடிதத்துக்குப் பொருந்தாது.

உள்ளடக்கத்தில் நலம் விசாரிப்பு வேண்டாம். எதற்கு எழுதுகிறோம் என்பது முதல் பத்தியின் முதல் வாக்கியத்திலேயே வரட்டும். இரண்டாம் பத்தியில் விவரம்: பில் எண், சரக்கு போன நாள், தொகை. கடைசிப் பத்தியில் அவர் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். ‘டூ த நீட்ஃபுல்’ (ஆவன செய்யவும்) என்று முடித்தால் பணம் அனுப்பச் சொல்கிறீர்களா, பதில் கேட்கிறீர்களா என்று அவருக்குப் புரியாது. ‘20 ஜூனுக்குள் கீழே உள்ள கணக்கில் செலுத்தவும்’ என்பதை நேராகவே எழுதுங்கள். தொகையிலும் கவனம். லட்சக் கணக்கு வெளிநாட்டுக்காரருக்குப் பழக்கமில்லை, அதனால் 2,45,000ஐ அவருக்கு 245,000 என்று எழுதி, ரூபாய் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

முடிவு வரிக்குக் கீழே நாலு வரி இடம் விட்டுப் பெயர், பதவி. கையெழுத்து அந்த இடத்தில். ரப்பர் ஸ்டாம்பைப் பக்கத்தில் குத்துங்கள். மேலே குத்தினால் கையெழுத்தும் தெரியாது, ஸ்டாம்பும் தெரியாது. இணைப்புகளை எண்ணிக்கையோடு பெயர் சொல்லிக் குறியுங்கள்: இன்வாய்ஸ் நகல், லாரி ரசீது. வெறுமனே ‘என்குளோஷர்ஸ்’ என்று போட்டால் ஒன்று விடுபட்டாலும் யாருக்கும் தெரியாது.

கடிதம் இரண்டாம் பக்கத்துக்குப் போனால் கையெழுத்து மட்டும் அங்கே தனியாக நிற்கக் கூடாது. உள்ளடக்கத்தில் இரண்டு வரியாவது கூடப் போகட்டும். அந்தப் பக்கத்துக்கு லெட்டர்ஹெட் இல்லாத தாள். மேலே பெறுபவர் பெயர், தேதி, பக்க எண்.

மின்னஞ்சலில் அனுப்பினால் பி.டி.எஃப். ஆக்கியே அனுப்புங்கள். வேர்டு ஃபைல் வேறு கணினியில் திறந்தால் வரிகள் இடம் மாறக்கூடும். ஃபைலுக்கு ‘லெட்டர் 1’ என்று பெயர் வைக்காமல் கம்பெனி பெயரும் இன்வாய்ஸ் எண்ணும் வையுங்கள்.