பேரனை விமானத்துக்குப் பழக்கிய பத்து நாள்

கடலூர் முதுநகரில் 28 வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்தேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு வாயால் சொன்னால் எதுவும் தங்காது, விளையாட்டாகச் செய்துகாட்டினால்தான் மனதில் நிற்கும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். மூன்றரை வயதுப் பேரனைச் சிங்கப்பூரில் இருக்கும் மகன், மருமகளிடம் நான் ஒருத்தியாகக் கொண்டுபோய் விட வேண்டி வந்தபோது அதுதான் கைகொடுத்தது.

அதற்கு முன் ஒரு தடவை அவன் அம்மாவோடு டில்லிக்குப் போயிருந்தான். பாதுகாப்புச் சோதனையில் அவனுடைய துணி யானையை வாங்கித் தட்டில் வைத்து இயந்திரத்துக்குள் அனுப்பியிருக்கிறார்கள். யானை இருட்டுக்குள் போனதைப் பார்த்து அலற ஆரம்பித்தவன், அது திரும்பக் கைக்கு வந்த பிறகும் அடங்கவில்லை. விமானம் ஏறும்வரை அழுகைதான். யாரும் அவனை எதுவும் செய்துவிடவில்லை. யானை போகும், திரும்பி வரும் என்று முன்னாலேயே ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால் பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதே வீட்டில் ஒத்திகையை ஆரம்பித்தேன். முதலில் யானையைத்தான் எடுத்தேன். கட்டிலுக்கு அடியில் இந்தப் பக்கம் ஒரு முறத்தில் யானையை வைத்துத் தள்ளுவேன், அவன் அந்தப் பக்கம் ஓடிப்போய் எடுப்பான். மூன்றாம் நாள் அவனே செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் முறத்தில் வைக்க ஆரம்பித்துவிட்டான். அப்புறம் டிவி ரிமோட்டை எடுத்துக்கொண்டு, 'குருவி மாதிரி கையை விரி' என்று சொல்லி, தோளிலிருந்து கால் வரைக்கும் 'பீப், பீப்' என்று தடவுவேன். விமான நிலையத்தில் பெண்களை ஒரு திரைக்குள் அழைத்துப்போய்ச் சோதிப்பார்கள், சின்னப் பையன் நம்மோடேயே வருவான். அங்கே இருந்த பெண் காவலர் கருவியை எடுத்ததுமே இவன் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

அடுத்தது பெல்ட். நாற்காலிகளை ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டு, துண்டால் இடுப்பில் கட்டி, 'மணி அடித்தால்தான் அவிழ்க்கலாம்' என்று பழக்கினேன். முதல் நாள் இரண்டு நிமிடம்கூட உட்காரவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு முழுக் கதை முடியும்வரை உட்காரும் அளவுக்குக் கொண்டுவந்தேன். விமானம் ஓடுதளத்தில் வேகம் எடுக்கும்போது முதுகை யாரோ இருக்கையோடு சேர்த்து அழுத்துவது போல இருக்கும். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சக்கரம் உள்ளே மடங்கும்போது அடியில் 'டொக்' என்று கேட்கும். இதையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். 'ஒண்ணுமே இருக்காது கண்ணு' என்று சொல்லிவிட்டு அங்கே சத்தம் கேட்டால், பிள்ளை அடுத்து நாம் சொல்லும் எதையும் நம்பாது.

லாசுப்பேட்டையில் என் நாத்தனார் வீடு இருக்கிறது. அவர்கள் மொட்டை மாடியிலிருந்து புதுச்சேரி விமான நிலையத்தில் இறங்கும் சின்ன விமானத்தை அவனுக்குக் காட்டினேன். இறக்கையில் விசிறி சுற்றுகிற வகை அது. சென்னையில் எங்கள் விமானத்தைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "விசிறி எங்க ஆயா?" இன்ஜின் கூட்டுக்குள்ளே இருக்கிறது என்று காட்டினேன். கேள்வி கேட்கிற பிள்ளை பயப்படவில்லை என்று எனக்கு அப்போதே நிம்மதி ஆகிவிட்டது.

கழிவறையைப் பலரும் மறந்துவிடுவார்கள். விமானக் கழிவறையில் தண்ணீர் கொட்டாது, காற்றே 'புஸ்ஸ்' என்று உறிஞ்சும். அந்தச் சத்தத்தில் பெரியவர்களுக்கே தூக்கிவாரிப்போடும். பிள்ளையை இறக்கி, உடை போட்டு, காதைப் பொத்திக்கொள்ளச் சொன்ன பிறகுதான் பொத்தானை அமுக்க வேண்டும். பெல்ட் விளக்கு எரியும்போது எழுந்து போக முடியாது. டயபர் விட்ட பிள்ளையானாலும் அன்றைக்கு ஒன்று போட்டுவிடுங்கள்.

காதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் வீறிட்டு அழுவது பெரும்பாலும் இதனால்தான். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போன்றது. அதாவது பறக்கும் நேரமெல்லாம் நாம் ஊட்டியில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது காது அடைக்கும் இல்லையா, அதேதான். தொண்டைக்குப் பின்னாலிருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகிறது. விழுங்கும்போது அது திறந்து அழுத்தத்தைச் சமன்செய்யும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குறுகலாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால் எளிதில் திறக்காது. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம்.

ஆகவே இறங்குவதற்கு அரைமணி நேரம் முன்னால் பிள்ளையை எழுப்பிவிடுங்கள். தூங்கினால் விழுங்குவது குறைந்துவிடும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலோ பாட்டிலோ கொடுக்கலாம். என் பேரனுக்கு உறிஞ்சு குழாய் வைத்த பாட்டிலில் தண்ணீர் கொடுத்தேன், நடுநடுவே மென்று தின்ன விதை எடுத்த பேரீச்சம்பழம். கெட்டி மிட்டாயை நாலு வயதுக்குள் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பெரிய பிள்ளைக்குச் சூயிங்கம் கொடுக்கலாம் என்பார்கள். சிங்கப்பூருக்கு அதைக் கொண்டுபோகவே கூடாது, 1992இலிருந்து அங்கே தடை. சளியோ காதுவலியோ இருந்தால் கிளம்பும் முன் டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள், பயணத்தைத் தள்ளிப்போடச் சொன்னால் கேளுங்கள்.

பக்கத்து வீட்டில் ஒருவர், சளி மருந்து ரெண்டு மூடி கொடுத்தால் தூங்கிவிடுவான் என்று அக்கறையோடுதான் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தூங்க வைப்பதற்காக மருந்து கொடுப்பது ஆபத்து. சில பிள்ளைகளுக்குத் தூக்கத்துக்குப் பதிலாகப் பதற்றம்தான் வரும்.

டிக்கெட், தாள் விஷயம் சுருக்கமாக. இரண்டு வயது நிரம்பினால் தனி இருக்கை வாங்க வேண்டும். 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு, ஒரே முன்பதிவில் வரும் பெற்றோர் அல்லது பொறுப்பாளர் ஒருவர் பக்கத்தில் இடம் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024இல் நம் நாட்டு நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஆகவே இருவருக்கும் ஒன்றாகவே பதிவு செய்யுங்கள். வெளிநாடு என்றால் பச்சைக் குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். தாத்தா ஆயாவோடு போகும் பிள்ளைக்கு, அப்பா அம்மா இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழ் நகலும் கையிலேயே இருக்கட்டும். சிங்கப்பூருக்கு வருகை அட்டையைப் போய்ச் சேரும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், பிள்ளைக்கும் தனியாக ஒன்று. அதற்குக் கட்டணம் கிடையாது.

கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்றாலும், பிள்ளைக்குப் பயணத்துக்கு வேண்டிய பாலுக்கும் உணவுக்கும் விலக்கு உண்டு. தனியாக எடுத்துக் காட்டுங்கள். நான் வைத்தது பொடி தடவிய ஆறு குட்டி இட்லி, மாற்றுடுப்பு இரண்டு, எனக்கும் ஒரு புடவை. அவன் வாந்தி எடுத்தால் என் மடியில்தான் எடுப்பான். கடலூரிலிருந்து சென்னை விமான நிலையத்துக்குக் காரில் நாலு மணி நேரம் ஆகிறது, மூன்று மணி நேரம் முன்னதாகவும் அங்கே இருக்க வேண்டும். அதனால் வயிறு நிறைய ஊட்டாமல், திண்டிவனத்தில் இறக்கி நடக்கவிட்டு, கொஞ்சமாகக் கொடுத்தேன்.

இன்னொன்றுக்கும் அவனைப் பழக்கியிருந்தேன். எட்டு மாதமாக அப்பாவை அவன் போனில்தான் பார்த்திருந்தான். போனுக்குள் இருக்கும் அப்பா வேறு, எதிரே உயரமாக நிற்கும் அப்பா வேறு. மகனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன்: ஓடிவந்து தூக்காதே, கீழே உட்கார், அவன் வரட்டும். அவனிடமும், 'அப்பாகிட்ட உடனே போகணும்னு இல்ல, யானையை முதல்ல காட்டலாம்' என்று சொல்லியிருந்தேன். வெளியே வந்ததும் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். மகன் தரையில் உட்கார்ந்தே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்துப் புடவை மறைவிலிருந்து முதலில் யானையின் தும்பிக்கை நீண்டது.