நாலாயிரம் கோப்புகளும் ஒரு நண்டுக் கதையும்: பாடசாலை நூலகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூதூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் நூலக அறையில், ஆசிரிய நூலகர் ஒருவர் பென் டிரைவ் ஒன்றைப் பெருமையோடு என்னிடம் காட்டினார். கொழும்பில் நடந்த பயிற்சிப் பட்டறையில் யாரோ பிரதி எடுத்துக் கொடுத்ததாம். உள்ளே நாலாயிரத்துச் சொச்சம் கோப்புகள். "இனி எங்களுக்குப் புத்தகத் தட்டுப்பாடு இல்லை, சேர்" என்றார். அது இடைவேளை நேரம். தரம் நான்கில் படிக்கும் பையன் ஒருவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, நண்டைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டான். இரண்டு பேருமாகத் தேடினோம். 'ஸ்கேன் 0012', 'புதிய கோப்பு 3', 'இறுதி', 'இறுதி இறுதி' என்று பெயர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. மணி அடித்தது. பையன் போய்விட்டான்.

எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் நான் பார்த்த தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். இறக்கி வைத்ததையெல்லாம் நூலகம் என்று நம்பிவிடுகிறோம். அச்சுப் புத்தகம் வந்தால் முத்திரை குத்துகிறோம், பதிவேட்டில் ஏற்றுகிறோம், முதுகில் வகுப்பெண் ஒட்டுகிறோம். மின்னூலுக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை? தமிழ் இலக்கியம் என்றால் 894.811, நண்டு என்றால் 595 என்று, நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி பகுப்பின் எண்ணையே கோப்புப் பெயரின் தொடக்கத்தில் போடலாம். அடுத்து தலைப்பு, ஆசிரியர், ஆண்டு. பதிவேட்டில் அதற்கும் ஒரு வரி. இப்படி நாலாயிரத்தையும் செய்ய யாராலும் முடியாது. செய்யவும் வேண்டாம். உங்கள் பிள்ளைகள் உண்மையில் வாசிக்கக்கூடிய நாற்பதைத் தெரிந்தெடுத்து, அந்த நாற்பதையும் நீங்கள் திறந்து பார்த்து, பட்டியலை ஒரு ஏ4 தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். மிச்சம் பென் டிரைவிலேயே தூங்கட்டும்.

அடுத்தது தேடுவதில் நேரும் பிழை. எங்கள் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை, வாய்ப்பேச்சில் திருமலை. நமக்கு எல்லாம் ஒன்று. தேடுபெட்டிக்கு நடுவில் ஒரு 'க்' வந்தாலே வேறு ஊர். இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் என்ற எண்ணிம நூலகம் 2005 முதல் இயங்கிவருகிறது. ஊர் மலர்கள், கோயில் மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், நின்றுபோன பத்திரிகைகள் என்று வேறெங்கும் கிடைக்காதவை அங்கே கிடக்கின்றன. ஆனால் ஆசிரியர்கள் ஒரு எழுத்துக்கூட்டலில் தேடிப் பார்த்துவிட்டு, "அங்கே ஒன்றும் இல்லை" என்று திரும்பிவிடுகிறார்கள்.

உயர்தர மாணவிகள் சிலருக்கு ஒருமுறை ஒரு வேலை கொடுத்தேன். 1895 இல் வெளிவந்த 'மோகனாங்கி'யைப் பற்றி இணையத்தில் என்ன கிடைக்கிறது என்று தேட வேண்டும். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பேசப்படும் அந்த நூலை எழுதியவர் எங்கள் ஊரைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை. அந்த மாணவிகளில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை, அது வேறு வருத்தம். பெயரில் 'பிள்ளை'யைப் பிரித்து எழுதினால் ஒரு பட்டியல் வந்தது, சேர்த்து எழுதினால் வேறொரு பட்டியல். முதலெழுத்துக்குப் பின் இடைவெளி விட்டால் ஒன்று, விடாவிட்டால் இன்னொன்று. அரை மணி நேரத்தில் அவர்களே பலகையில் ஒரு விதி எழுதினார்கள்: 'மூன்று விதமாகத் தேடாமல் இல்லை என்று சொல்லக்கூடாது.' அந்தப் பலகையை நான் அழிக்க விடவில்லை.

எந்தப் புத்தகம் இருக்கிறது என்றே தெரியாமல் எதைத் தேடுவது என்று கேட்பவர்களுக்கு, நூலகவியலாளர் என். செல்வராஜாவின் 'நூல் தேட்டம்' தொகுதிகளைச் சொல்வேன். இலங்கைத் தமிழ் நூல்களைப் பற்றிய குறிப்புகளை, தொகுதிக்கு ஆயிரம் நூல் என்ற கணக்கில் திரட்டியவர் அவர். நல்ல நூற்பட்டியல் ஒன்று பக்கத்தில் இருந்தால் பாதித் தேடல் முடிந்த மாதிரி.

இனி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. இதைப் பற்றிப் பேசினால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடசாலையில் ஆயிரத்து எண்ணூறு புத்தகங்களின் பட்டியலை எக்செல்லில், பாமினி எழுத்துருவில், ஒரு ஆசிரியை இரண்டு விடுமுறைகளைச் செலவழித்துத் தட்டச்சிட்டிருந்தார். கணினி பழுதாகி, திருத்தி வந்தபோது அந்த எழுத்துரு இல்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். அவர் அழுதேவிட்டார். எழுத்துருவை மீண்டும் நிறுவினால் தமிழ் திரும்பி வரும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே இருப்பது அப்போதும் ஆங்கில எழுத்துதான், தமிழ் வேடம் போட்டிருக்கிறது. அகர வரிசையில் அடுக்கினால் தாறுமாறாக வரும். ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சிட்டுத் தேடினால் எதுவும் அகப்படாது. கைப்பேசிக்கு அனுப்பினால் குப்பை. ஒருங்குறிக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. ஒரு பிற்பகல் போதும். பழைய பட்டியல் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். பாமினி விசைப்பலகைக்குக் கை பழகிவிட்டது என்பவர்கள் அதே விசையமைப்பில் ஒருங்குறியைத் தட்டச்சிடவும் வழி உண்டு.

எல்லா மின்னூலும் ஒன்று என்று நினைப்பதும் பிழைதான். மதுரைத் திட்டம் 1998 பொங்கலோடு தொடங்கியது. தன்னார்வலர்கள் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து ஏற்றிய பழந்தமிழ் நூல்கள் அதில் இருக்கின்றன. அவை எழுத்து வடிவில் இருப்பதால் ஒரு பாடலை அப்படியே எடுத்துப் பயிற்சித் தாளில் ஒட்டலாம். முன்னே சொன்ன 'நூலகம்' தளத்தில் பெரும்பாலானவை பக்கங்களின் படம். வாசிக்கலாம், சொற்களைப் பிரதி எடுக்க முடியாது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க வேண்டுமென்றால், கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் ஆகத் திறந்தால் தமிழையும் படித்துத் தரும். தந்ததை அப்படியே நம்பாதீர்கள். 'ர'வும் துணைக்காலும் அதற்கு இரட்டைப் பிள்ளைகள். ஒரு முறை வாசித்துத் திருத்தாமல் வகுப்பில் கொடுத்தால் பிள்ளைகள் உங்களைத் திருத்துவார்கள்.

கைப்பேசியில் வாசிக்க வேண்டியவர்களுக்கு ஏ4 அளவுப் பிடிஎஃப் அனுப்புவது அடுத்த வேலையற்ற வேலை. பெருப்பித்து, இடமும் வலமுமாக இழுத்து இழுத்து வாசிக்கும் பிள்ளை மூன்றாம் பக்கத்தில் விட்டுவிடும். இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவம் திரைக்கேற்ப வரிகளை மடக்கிக்கொள்ளும், எழுத்தையும் பெரிதாக்கலாம். 2013 இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்த நூல்கள் இரண்டு வடிவிலும் கிடைக்கின்றன.

சிறுவர் கதைகளுக்கு வருவோம். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இருக்கின்றன, நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்து. இங்கே இரண்டு எதிரெதிர்த் தவறுகளைப் பார்க்கிறேன். சிலர் நிலை ஒன்று என்றால் தரம் ஒன்று என்று கணக்குப் போட்டு விநியோகிக்கிறார்கள். அந்த நிலை வாசிப்பின் படி, வகுப்பின் படி அல்ல. தரம் ஐந்தில் இருந்துகொண்டு எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு நிலை ஒன்றுதான் பொருந்தும், அதை மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லாமல் கொடுக்க வேண்டும். வேறு சிலர், "அது இந்தியத் தமிழ், எங்கள் பிள்ளைகளுக்குச் சரிவராது" என்று முழுவதையும் ஒதுக்கிவிடுகிறார்கள். பேனாவுக்கும் பேனைக்கும் நடுவில் ஒரு கடல் இருக்கிறதுதான். ஆனால் அந்தக் கதைகளின் உரிமம் மூலத்தையும் ஆக்கியோரையும் குறிப்பிட்டு மாற்றியமைக்க அனுமதிக்கிறது. பேனாவைப் பேனையாக்குங்கள், ரப்பரை அழிறப்பராக்குங்கள். தெரியாத சொல்லை அப்படியே விட்டு, அது எந்த ஊர்ச் சொல் என்று பேசவும் ஒரு பாடவேளை கிடைக்கும். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும்.

பாடநூல்களில் நேரும் தவறு சின்னது, விளைவு பெரிது. தேடலில் முதலில் வந்த ஏதோ ஒரு தளத்திலிருந்து பாடநூலை இறக்குகிறோம். அது பழைய பாடத்திட்டத்தின் பதிப்பாக இருக்கும். பாதிப் பாடம் ஓடிய பிறகுதான் அலகு எண்கள் பொருந்தவில்லை என்று தெரியும். பாடநூல் என்றால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளம், ஆசிரியர் வழிகாட்டி என்றால் தேசிய கல்வி நிறுவகத்தின் தளம், மாணவருக்கான இலத்திரனியல் பாடங்கள் என்றால் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ. மூன்றுக்கும் தமிழ்ப் பக்கம் உண்டு. உள்ளே போனதும் முதலில் பதிப்பாண்டைப் பாருங்கள்.

இணைய இணைப்பை நம்பிப் பாடம் திட்டமிடுவதைப் பற்றி வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்து ஆசிரியர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. காலையில் வேலை செய்த இணைப்பு, நாற்பது பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்ததும் சுற்றத் தொடங்கும். நகரத்திலும் மாரி மழை தொடங்கினால் இதே கதைதான். கிவிக்ஸ் என்ற இலவசச் செயலியில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி வைக்கலாம். படங்கள் இல்லாத பதிப்பை எடுத்தால் கோப்பு சிறிதாகும், பழைய கணினியிலும் ஓடும். வேகமான இணைப்புள்ள இடத்தில் ஒரு முறை இறக்கிக்கொண்டு, பாடசாலைக்குப் பென் டிரைவில் கொண்டுபோனால் போதும்.

விக்கிப்பீடியாவை ஒப்படைக்காக அச்சிட்டு ஒட்டுவதைத் தடுக்கவே முடியாது என்று சலித்துக்கொள்பவர்கள் இப்படிச் செய்து பாருங்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்த இடத்தின் கட்டுரையை எடுத்து, அதில் பிழை பிடிக்கச் சொல்லுங்கள். கன்னியா வெந்நீரூற்றுக் கிணறுகள் எத்தனை, கிண்ணியாப் பாலம் எந்த ஆண்டில் திறக்கப்பட்டது என்று வீட்டில் தாத்தாவைக் கேட்டு வந்து ஒப்பிடட்டும். கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள் பட்டியலையும், மேலே இருக்கும் வரலாற்றுப் பக்கத்தையும் திறந்து காட்டுங்கள். யாரோ ஒருவர் எழுதியது, யாரோ திருத்தியது என்று கண்ணால் கண்ட பிள்ளை அதை வேதவாக்காக எடுக்காது.

உரிமை பற்றிய அசட்டை எங்களிடம் பழகிப்போன ஒன்று. உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் புத்தகத்தை முழுவதும் ஸ்கேன் செய்து வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, "மாணவர் நலன்" என்கிறோம். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுத்தாளரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் உரிமை இருக்கிறது. இந்தியாவில் 60 ஆண்டுகள். ஆகவே அங்கே பொதுவுடைமை என்று ஏற்றப்பட்டது எல்லாம் இங்கேயும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கற்பித்தலுக்காகச் சில பக்கங்களைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது, முழு நூலைப் பரப்ப அல்ல. ஈழத்து எழுத்தாளரின் நூல் என்றால் நேரே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். நான் கேட்டவர்களில் அநேகமானோர் அனுமதி தந்ததோடு, ஒரு பிரதியையும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்கள்.

கோஹா போன்ற நூலக மென்பொருளை நிறுவ ஆசைப்படுபவர்களுக்கு ஒரு கேள்வி: அதை நிறுவித் தரும் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் யார் பார்ப்பார்கள்? பதில் இல்லையென்றால், ஒருங்குறியில் ஒரு விரிதாளும், அதன் பிரதி இரண்டு இடத்திலும் போதும்.

வாசிப்பு மாதமான ஒக்டோபரில் மட்டும் நூலகத்தைத் திறந்து, பதாகை கட்டி, பேச்சுப் போட்டி வைத்து, நவம்பரில் பூட்டுவதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சேர்க்க ஒன்றுதான் இருக்கிறது. பூட்டிய அலுமாரிக்குள் கடற்காற்றின் ஈரம் தங்கும். நவம்பரிலும் டிசம்பரிலும் மழை பிடித்தால், தையில் திறக்கும்போது புத்தகங்கள் பூஞ்சணம் பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகளின் கையில் இருந்த புத்தகம் கிழியலாம், பூஞ்சணம் பிடிக்காது.

மூதூர் ஆசிரியர் இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். சுவரில் பட்டியல் ஒட்டிவிட்டாராம், நாற்பது இல்லை, முப்பத்தாறு. 595 இல் ஒரு நண்டுக் கதையும் இருந்ததாம். பையனைக் கூப்பிட்டுக் கணினியில் திறந்து காட்டியிருக்கிறார். அவன் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "சேர், உயிர் நண்டு இப்படிச் சிவப்பாக இருக்காது. அவித்தால்தான் சிவக்கும்" என்றானாம். அவனுடைய அப்பா கடற்றொழிலாளி. ஆசிரியர் அதைப் பதிவேட்டின் குறிப்புப் பத்தியில், சிவப்புப் பேனையால், அப்படியே எழுதி வைத்திருக்கிறார்: 'படத்தில் உள்ளது அவித்த நண்டு. தகவல்: தரம் 4 மாணவன்.'