ஹைபிரிட் வகுப்பு பற்றி மாணவர்களிடம் கேட்பது எப்படி?

"ஹைபிரிட் வகுப்பு பிடித்திருக்கிறதா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் வரும் பதில் எதற்கும் உதவாது. வாரத்தில் சில நாள் நேரிலும் மற்ற நாள் இணையத்திலும் படிப்பதை ஒரு மாணவர் நினைத்துக்கொள்வார். பாதிப் பேர் வகுப்பறையிலும் பாதிப் பேர் ஜூமிலுமாக ஒரே நேரத்தில் நடப்பதை இன்னொருவர் நினைப்பார். எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதைப் படிவத்தின் தொடக்கத்திலேயே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்.

பிறகு மனப்பான்மையைக் கூறு போடுங்கள்: பயன், எளிமை, ஆசிரியருடனும் சக மாணவருடனும் உள்ள தொடர்பு, தேர்வின் மீதான நம்பிக்கை. ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து வாக்கியங்கள், ஐந்து புள்ளி லிக்கர்ட் அளவில் (1 என்றால் "சிறிதும் உடன்படவில்லை", 5 என்றால் "முழுவதும் உடன்படுகிறேன்"). படிவம் நீண்டால் படிக்காமலே டிக் அடிப்பார்கள்.

பெரும்பாலும் சறுக்குவது வாக்கியத்தில்தான். "பதிவு செய்த பாடங்கள் தெளிவாகவும் உடனுக்குடனும் கிடைக்கின்றன" என்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒலி தெளிவு, ஆனால் வீடியோவை ஏற்றுவதற்கு ஒரு வாரம் ஆகிறது என்றால் மாணவர் எதை டிக் செய்வார்? இரண்டாகப் பிரியுங்கள். "இணைய வகுப்பில் சந்தேகம் கேட்கத் தயங்குகிறேன்" போன்ற எதிர்மறை வாக்கியங்களையும் கலந்து வையுங்கள். அவற்றின் மதிப்பெண்ணை 6-இலிருந்து கழித்துத் திருப்ப வேண்டும். இதை மறந்தால் க்ரோன்பாக் ஆல்ஃபா, அதாவது ஒரு கூறின் வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண், சரிந்துவிடும்.

வசதி பற்றிய கேள்விகள் தனிப் பகுதியில் வரட்டும்: லேப்டாப் உண்டா, போன் மட்டுமா, டேட்டா போதுகிறதா, படிக்கத் தனி இடம் இருக்கிறதா. இவை இல்லாவிட்டால், நெட் கிடைக்காத எரிச்சலை ஹைபிரிட் முறையின் மீதான வெறுப்பாக எண்ணிவிடுவீர்கள். இந்தத் துறையில் மாணவர்களுக்கு இழைக்கப்படும் பெரிய அநியாயம் இதுதான்.

முதலில் 30 பேரிடம் முன்சோதனை செய்யுங்கள். ஒவ்வொரு கூறுக்கும் ஆல்ஃபாவைத் தனித்தனியாகக் கணக்கிடுங்கள், 0.7-க்குக் கீழே போனால் வாக்கியங்களை மறுபடி பாருங்கள். மொத்த மாணவர் 2,000 என்றால், 5 சதவீதப் பிழைக்கு, எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்று கணக்கிடும் யமானே சூத்திரப்படி 2,000 ÷ (1 + 2,000 × 0.0025), அதாவது சுமார் 333 பேர் போதும். துறைவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் பிரித்து எடுங்கள்.

கூகுள் ஃபார்ம் லிங்கை மட்டும் அனுப்பினால் இணைப்பு மோசமாக உள்ளவர்கள் விடுபடுவார்கள். வகுப்பில் தாள் மட்டும் கொடுத்தால் வராதவர்கள் விடுபடுவார்கள். இரண்டும் வேண்டும். மின்னஞ்சல் சேகரிப்பை அணைத்துவிடுங்கள். மதிப்பெண் போடும் ஆசிரியர் கையில் தாள் போகக் கூடாது.

முடிவை எழுதும்போது சராசரியோடு நிறுத்தாதீர்கள். பாதிப் பேர் 1, பாதிப் பேர் 5 போட்டாலும் சராசரி 3 என்றுதான் வரும். எத்தனை பேர் எதைத் தேர்ந்தார்கள் என்ற அட்டவணையை, லேப்டாப் உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்தே கொடுங்கள்.